பெயருக்குப் பின்னால் பட்டம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அச்சுக்குப் போகும் பிரதிகளைத் திருத்துவது என் வேலை. அங்கே எழும் சந்தேகங்களில் பட்டங்களைப் பற்றியவை தனி ரகம். ஒரு வாக்கியத்தையே வெட்டினாலும் பொறுத்துக்கொள்கிறவர்கள், பட்டத்தில் ஒரு புள்ளி விடுபட்டால் உடனே தொலைபேசியில் வந்துவிடுவார்கள். என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்படும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன். எல்லாவற்றுக்கும் நான் வைத்திருக்கும் அளவுகோல் ஒன்றுதான்: பட்டம் போடுவது படிப்பவருக்காக. இந்த ஆளை இந்த விஷயத்தில் நம்பலாமா என்று அவர் முடிவுசெய்ய எது உதவுமோ அது இருக்கட்டும். மற்றது இடத்தை அடைக்கும்.

வாங்கிய பட்டங்கள் எல்லாவற்றையும் எழுத வேண்டுமா, உயர்ந்தது மட்டும் போதுமா?

இரண்டு மரபுகள் உண்டு. பிரிட்டிஷ் மரபில் பட்டங்கள் கீழிருந்து மேலாக வரும்: பி.ஏ., எம்.ஏ., பிஎச்.டி. அமெரிக்க வழக்கில் பெரும்பாலும் மிக உயர்ந்த பட்டத்தை மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

என் கட்சி இரண்டாவது. ஒரே பாடத்தில் மேலே மேலே படித்தவர் என்றால் கடைசிப் படி போதும், வேதியியலில் பிஎச்.டி. வாங்கியவர் அதற்கு முன் எம்.எஸ்சி. படித்திருப்பார் என்பது சொல்லாமலே விளங்கும். பாடம் வேறாக இருந்தால் கதை வேறு. காப்புரிமை வழக்குகளை நடத்தும் ஒருவர் இயற்பியலில் எம்.எஸ்சி.யும் சட்டத்தில் எல்எல்.பி.யும் படித்திருக்கிறார் என்றால் இரண்டையும் எழுதத்தான் வேண்டும். அவரை நாடி வருகிறவருக்கு இரண்டுமே தேவை. ஆசிரியர்களுக்கு பி.எட். அப்படித்தான், எம்.ஏ. இருந்தாலும் அதைத் தூக்கிவிட முடியாது.

எம்.ஏ., எம்.ஏ., எம்.ஏ. என்று மூன்று முறை எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். உழைப்புக்கு மரியாதை உண்டு. ஆனால் பாடத்தைச் சொல்லாவிட்டால் படிப்பவர் அதை அச்சுப்பிழை என்றே நினைப்பார். எம்.ஏ. (தமிழ்), எம்.ஏ. (வரலாறு) என்று பிரித்து எழுதுங்கள்.

பட்டம், உரிமம், சான்றிதழ், உறுப்பினர் தகுதி எல்லாம் இருந்தால் எது முதலில்?

எதைப் பறிப்பது கடினமோ அது பெயருக்கு அருகில் நிற்கும். பல்கலைக்கழகப் பட்டம் ஆயுள் முழுவதும் கூடவே வரும். அசாதாரணமான காரணம் இருந்தால்தான் திரும்பப் பெறுவார்கள். தொழில் செய்வதற்கான உரிமத்தைப் புதுப்பிக்க வேண்டும். சான்றிதழ்களுக்குக் காலக்கெடு உண்டு. ஆகவே பட்டம், பிறகு உரிமம், அதன் பிறகு சான்றிதழ். அமெரிக்கச் செவிலியர் துறையில் இந்த வரிசையைத்தான் பின்பற்றுகிறார்கள். மற்ற துறைகளுக்கும் இது பொருந்தும்.

பிரிட்டனில் அரசு தரும் சிறப்புகள் பட்டத்துக்கும் முன்னால் வந்துவிடும். ஓ.பி.இ. என்ற அரசு விருது பெற்ற, ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்தின் உறுப்பினரான ஓர் ஆய்வாளரை எழுதினால் ஓ.பி.இ., பிஎச்.டி., எஃப்.ஆர்.எஸ். என்று வரும்.

பெயருக்கு முன்னால் ‘முனைவர்’ போட்டபின் பின்னால் ‘பிஎச்.டி.’யும் போடலாமா?

கூடாது. ஒன்றை எடுங்கள், மற்றதை விடுங்கள். இதில் எல்லா நாட்டு நடைக்கையேடுகளும் கிட்டத்தட்ட ஒரே குரலில் பேசுகின்றன.

நிகழ்ச்சி நிரல்களில் வரும் மாதிரி ஒரு வரியை எடுத்துக்கொள்வோம். பெயர் கற்பனை:

பேராசிரியர் டாக்டர் முனைவர் கயல்விழி, பி.எஸ்சி., எம்.எஸ்சி., எம்.ஃபில்., பிஎச்.டி., (டி.லிட்.), அவர்கள்

இதில் டாக்டர், முனைவர், பிஎச்.டி. மூன்றும் ஒரே பட்டத்தைத்தான் சொல்கின்றன. ஒரு தடவை வாங்கியதை மூன்று தடவை காட்டியாயிற்று. பி.எஸ்சி.யிலிருந்து எம்.ஃபில். வரை உள்ளவை முனைவர் பட்டத்துக்கு ஏறிவந்த படிகள், அவையும் வேண்டாம். மிஞ்சுவது அடைப்புக்குறிக்குள் இருக்கும் டி.லிட். அது ஏன் அடைப்புக்குறிக்குள் போனது? படிக்காமலே கௌரவமாகத் தரும் மதிப்புறு பட்டமா, இன்னும் முடிக்காததா, எழுதியவருக்கே சந்தேகமா? படிப்பவர் ஊகித்துக்கொள்ளட்டும் என்று விடுவது நியாயமில்லை. முடித்த பட்டம் என்றால் அடைப்புக்குறியை எடுங்கள். மதிப்புறு பட்டம் என்றால் அப்படியே எழுத்தில் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நீக்குங்கள்.

எல்லாம் போக நிற்பது: பேராசிரியர் முனைவர் கயல்விழி. ‘பேராசிரியர்’ பதவி, ‘முனைவர்’ பட்டம். இரண்டும் வெவ்வேறு என்பதால் சேர்ந்து வரலாம். பதவிதான் முதலில்.

‘டாக்டர்’ யாருக்கு உரியது, மருத்துவருக்கா ஆய்வாளருக்கா?

இருவருக்கும். பட்டமாகப் பார்த்தால் பல்கலைக்கழகங்களில் இறையியல், சட்டம், மருத்துவம் ஆகிய துறைகளில் பிறந்த சொல் அது. மக்கள் வழக்கில் மருத்துவரைக் குறிக்கிறது. அமெரிக்கச் செய்தி நிறுவனமான அசோசியேட்டட் பிரஸ், மருத்துவம், பல் மருத்துவம், கால்நடை மருத்துவம் போன்ற துறையினருக்கே பெயருக்கு முன் ‘டாக்டர்’ போடும். மற்றவர்களுக்கு ‘இன்ன துறையில் முனைவர் பட்டம் பெற்றவர்’ என்று வாக்கியத்திலேயே சொல்லச் சொல்கிறது. தமிழில் எழுதுகிறவர்களுக்கு இந்தச் சங்கடமே இல்லை. மருத்துவர், முனைவர் என்று இரண்டு தெளிவான சொற்கள் கையில் இருக்கின்றன. இருந்தும் ‘டாக்டர்’ என்றே எழுதிவிட்டு, பொருளாதார ஆய்வாளரிடம் காய்ச்சலுக்கு மருந்து கேட்க வைப்பது நம் தப்புதான்.

பிரிட்டனில் இன்னொரு விசித்திரம் உண்டு. அங்கே அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் ‘டாக்டர்’ போட்டுக்கொள்வதில்லை. ‘மிஸ்டர்’, ‘மிஸ்’ என்றே அழைக்கப்படுகிறார்கள். ஒரு காலத்தில் மருத்துவர்கள் பல்கலைக்கழகத்தில் படித்துப் பட்டம் வாங்கினார்கள். அறுவைச் சிகிச்சை செய்தவர்களோ ஒரு குருவிடம் சேர்ந்து தொழில் பழகியவர்கள், நாவிதர்களோடு ஒரே சங்கத்தில் இருந்தவர்கள். லண்டனில் அந்தக் கூட்டுச் சங்கம் 1540 முதல் 1745 வரை நீடித்தது. இன்று எல்லோரும் மருத்துவம் படித்துத்தான் வருகிறார்கள், ஆனால் எம்.ஆர்.சி.எஸ். என்ற அறுவைச் சிகிச்சைக் கல்லூரி உறுப்பினர் தேர்வில் தேறியதும் ‘டாக்டரை’ உதறிவிட்டு ‘மிஸ்டர்’ ஆவதைப் பெருமையாகக் கருதுகிறார்கள். அப்படி ஒருவரைப் பற்றி எழுத நேர்ந்தால் ‘அறுவைச் சிகிச்சை நிபுணர்’ என்று போட்டுவிடுங்கள்.

புள்ளி எங்கெங்கே வரும்?

ஒவ்வொரு சொல்லும் எங்கே சுருங்குகிறதோ அங்கே புள்ளி. இந்த ஒரு விதியைப் பிடித்துக்கொண்டால் முக்கால்வாசிக் குழப்பம் தீரும்.

எம்.ஏ. என்பதில் இரண்டு சொற்கள், இரண்டு புள்ளிகள். எம்.எஸ்சி. என்பதிலும் இரண்டு சொற்கள்தான்; ‘சயின்ஸ்’ என்ற ஒரே சொல்தான் ‘எஸ்சி’ எனச் சுருங்கியிருக்கிறது. அதனால் எம்.எஸ்.சி. என்று மூன்றாக உடைப்பது தவறு. பிஎச்.டி.யும் அப்படியே: ‘பிலாசபி’ என்பதன் முதல் ஒலிக்கு ஆங்கிலத்தில் இரண்டு எழுத்துகள் வருகின்றன, ஆகவே பி, எச் இரண்டுக்கும் நடுவே புள்ளி கிடையாது. பி.எச்.டி. என்று எழுதுவது பெரும்பாலான பத்திரிகைகளில் புழங்கிவிட்டது. நான் திருத்துவேன், ஆனால் சண்டை போட மாட்டேன்.

சட்டப் பட்டம் இன்னும் சுவையானது. எல்எல்.பி. என்பதில் இரண்டு ‘எல்’ வருவது லத்தீன் மரபு: பன்மையைக் காட்ட முதல் எழுத்தை இரட்டிப்பார்கள். ‘சட்டங்கள்’ என்ற ஒரே சொல்தான் அந்த இரண்டு எல்லும். எனவே எல்.எல்.பி. அல்ல, எல்எல்.பி. இதே படிப்புக்கு பி.எல். என்ற பெயரிலும் பட்டம் தரப்பட்டிருக்கிறது. சான்றிதழில் எது இருக்கிறதோ அதையே எழுத வேண்டும். ஒன்றை இன்னொன்றாக ‘மேம்படுத்த’ வேண்டாம். ஆக்ஸ்ஃபோர்டில் முனைவர் பட்டத்துக்கு டி.ஃபில். என்று பெயர். அதை பிஎச்.டி. என்று மாற்றி எழுதுவதும் பிழையே.

எம்.பி.பி.எஸ். உண்மையில் இரட்டைப் பட்டம்: மருத்துவத்தில் ஒன்று, அறுவை மருத்துவத்தில் ஒன்று.

ஆங்கிலத்தில் புள்ளியே வேண்டாம் என்ற போக்கு வலுத்துவருகிறது. அமெரிக்கப் பதிப்பகங்கள் பல புள்ளியை விட்டுவிட்டன. தமிழில் புள்ளியைக் கைவிட்டால் ஆபத்து. ‘எம்ஏ’, ‘பிஇ’ என்று எழுதினால் அவை சொற்களைப் போல ஓடிவிடும், கண் தடுக்கும். தமிழில் புள்ளி இருக்கட்டும். எதைத் தேர்ந்தாலும் ஒரே பிரதியில் கடைசிவரை அதையே கடைப்பிடியுங்கள்.

காற்புள்ளி?

பெயருக்குப் பின் ஒன்று, பட்டங்களுக்கு நடுவே ஒவ்வொன்று. கடைசிப் பட்டத்துக்குப் பின் வரி முடிந்துவிட்டால் காற்புள்ளி வேண்டாம். பெயர்ப்பலகையில் ‘இளமாறன், எம்.ஏ., பி.எட்.,’ என்று தொங்கவிட்டால் இன்னும் ஏதோ வரப்போகிறது என்று பார்ப்பவர் காத்திருப்பார்.

பட்டத்துக்குப் பின் வேற்றுமை உருபை எப்படிச் சேர்ப்பது?

ஆங்கிலத்தைப் பார்த்து எழுதும்போது மாட்டிக்கொள்ளும் இடம் இது. ஆங்கிலத்தில் பெயர் மாறாது. பின்னால் எத்தனை பட்டம் வந்தாலும் வாக்கியம் நகரும். தமிழில் ‘ஐ’யும் ‘உக்கு’வும் பெயரோடு ஒட்ட வேண்டும். ‘இளமாறன், எம்.ஏ., பி.எட்.க்கு விருது’ என்றால் விருது படிப்புக்குப் போய்விடுகிறது. ‘இளமாறனுக்கு, எம்.ஏ., பி.எட்., விருது’ என்றால் அதைவிட மோசம், எம்.ஏ., பி.எட். என்பதே விருதின் பெயரோ என்று தோன்றும்.

இதற்காகத்தான் நம் வழக்கில் ‘அவர்கள்’ வந்து கைகொடுக்கிறது: இளமாறன், எம்.ஏ., பி.எட்., அவர்களுக்கு. அழைப்பிதழுக்கும் கடிதத்துக்கும் அது பொருந்தும். கட்டுரையிலும் செய்தியிலும் ‘அவர்கள்’ கனமாக இருக்கும். அங்கே பட்டத்தைப் பெயருக்கு முன் கொண்டுவந்துவிடுங்கள்: ‘எம்.ஏ., பி.எட். பட்டங்கள் பெற்ற இளமாறனுக்கு’. அல்லது ‘முதுகலைப் பட்டதாரி இளமாறனுக்கு’. தமிழ் வாக்கியத்தில் அடைமொழி முன்னால் வருவதே இயல்பு. ‘முனைவர்’, ‘மருத்துவர்’, ‘புலவர்’ எல்லாம் முன்னால் நின்று உருபுக்கு வழிவிடுவதால்தான் உறுத்தாமல் இருக்கின்றன.

பட்டமும் முன்னெழுத்தும் குழம்பினால் என்ன செய்வது?

தந்தை பெயரின் முதலெழுத்தை ஆங்கிலப் படிவங்களில் பெயருக்குப் பின்னால் எழுதுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை உண்டு. ‘மலர்விழி எம்.ஏ.’ என்பதில் எம்.ஏ. பட்டமா, முன்னெழுத்தா? காற்புள்ளி ஒன்றுதான் வேறுபடுத்தும், அதையும் கணினி விழுங்கிவிடும். முன்னெழுத்தைப் பெயருக்கு முன்னால் கொண்டுபோங்கள்.

பட்டத்தைப் போலவே தோன்றும் வேறு சுருக்கங்களும் இருக்கின்றன. எம்.டி. மருத்துவப் பட்டமும் ஆகும், நிர்வாக இயக்குநரும் ஆகும். எம்.பி. பட்டமல்ல, நாடாளுமன்ற உறுப்பினர். எம்.எஸ். ஒரு நாட்டில் அறுவை மருத்துவம், இன்னொரு நாட்டில் பொறியியலோ கணினியோ. எம்.டி.யே கூட அமெரிக்காவில் மருத்துவராவதற்கான முதல் பட்டம், இந்தியாவில் எம்.பி.பி.எஸ்.ஸுக்குப் பிறகு படிப்பது. சந்தேகம் வருமென்றால் துறையை எழுத்தில் சொல்லுங்கள்.

இன்னும் முடிக்காத பட்டத்தை எழுதலாமா?

பெயருக்குப் பின்னால் எழுதக் கூடாது. அடைப்புக்குறி போட்டாலும், ‘படித்துக்கொண்டிருக்கிறார்’ என்று சேர்த்தாலும், ஆய்வேடு தவிர எல்லாம் முடிந்தது என்று குறிக்கும் சுருக்கத்தை இட்டாலும் அது பட்டமாகாது. தன்விவரக் குறிப்பில் கல்விப் பகுதி என்று ஒன்று இருக்கிறது. அங்கே ‘முனைவர் பட்ட ஆய்வாளர்’ என்று தாராளமாக எழுதலாம். ஆய்வேட்டைச் சமர்ப்பித்த நாளில் முனைவர் ஆகிவிடுவதில்லை. வாய்மொழித் தேர்வு முடிந்து, பல்கலைக்கழகம் பட்டத்தை முறைப்படி அறிவித்த பின்பே அது உங்களுடையது.

மதிப்புறு டாக்டர் பட்டம் பெற்றவர் ‘டாக்டர்’ என்று போட்டுக்கொள்ளலாமா?

பொதுவான மரபு, கூடாது என்பது. பட்டம் வழங்கிய பல்கலைக்கழகம் தன் வளாகத்தில் அப்படி அழைக்கலாம். வெளியே அவரே எழுதிக்கொள்வது அழகல்ல.

ஆனால் வரலாறு இந்த மரபுக்குக் கட்டுப்படவில்லை. பெஞ்சமின் ஃபிராங்க்ளின் பள்ளிக்கூடம் போனது இரண்டே ஆண்டுகள். 1759இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகம் மதிப்புறு பட்டம் தந்ததிலிருந்து அவர் ‘டாக்டர் ஃபிராங்க்ளின்’ ஆகிவிட்டார். அகராதி தொகுத்த சாமுவேல் ஜான்சனுக்கு 1765இல் டப்ளின் டிரினிட்டி கல்லூரியும் 1775இல் ஆக்ஸ்ஃபோர்டும் டாக்டர் பட்டம் அளித்தன. உலகம் இன்றுவரை ‘டாக்டர் ஜான்சன்’ என்கிறது. அவரோ தன்னை அப்படிச் சொல்லிக்கொள்ள அவ்வளவாக விரும்பவில்லை. ஊர் அழைப்பது ஒன்று, தானே எழுதிக்கொள்வது வேறொன்று.

தன்விவரக் குறிப்பில் எழுத வேண்டுமானால் ‘விருதுகள்’ என்ற தலைப்பின் கீழ், வழங்கிய பல்கலைக்கழகம், ஆண்டு ஆகியவற்றோடு எழுதுங்கள்.

அரசு விருதுகளைப் பெயரோடு சேர்க்கலாமா?

நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் ஓ.பி.இ. போன்றவை பெயருக்குப் பின் வருவதற்கென்றே உள்ளவை. இந்தியாவில் நேர் எதிர். பாரத ரத்னா, பத்ம விருதுகளைப் பெயருக்கு முன்னொட்டாகவோ பின்னொட்டாகவோ பயன்படுத்தக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 1995 டிசம்பரில் தீர்ப்பளித்தது. அரசமைப்புச் சட்டத்தின் 18ஆவது பிரிவு, படை மற்றும் கல்வி சார்ந்தவை தவிர வேறு பட்டங்களை அரசு வழங்குவதைத் தடை செய்கிறது. அந்த விருதுகள் பட்டங்கள் அல்ல என்று நீதிமன்றம் ஏற்றது. அப்படியென்றால் பட்டம்போல் பயன்படுத்தவும் கூடாது என்றது. ‘பத்மஸ்ரீ’ என்று பெயருக்கு முன்னால் எழுதி வரும் பிரதிகளில் அதை எடுத்து, ‘பத்மஸ்ரீ விருது பெற்ற’ என்று மாற்றிவிடுவேன். தகவல் அப்படியே இருக்கும், சட்டச் சிக்கல் போய்விடும்.

வேறு நாட்டில் பட்டத்தைப் பயன்படுத்தும்போது கவனிக்க வேண்டியது?

சில நாடுகள் இதைக் குற்றவியல் விஷயமாகவே பார்க்கின்றன. ஜெர்மனியில் உரிமையில்லாமல் கல்விப் பட்டத்தைப் பயன்படுத்தினால் ஓராண்டு வரை சிறை அல்லது அபராதம் விதிக்கலாம். 2008இல் அமெரிக்காவில் முறைப்படி முனைவர் பட்டம் வாங்கிய ஆய்வாளர்கள் சிலரே ஜெர்மனியில் ‘டாக்டர்’ போட்டுக்கொண்டதற்காகக் காவல் துறை விசாரணைக்கு ஆளானார்கள். பிறகு விதிகள் தளர்த்தப்பட்டன. அதே நாட்டில்தான் டாக்டர் பட்டத்தைக் கடவுச்சீட்டிலும் அடையாள அட்டையிலும் பதிந்துகொள்ள முடியும். இரண்டு முனைவர் பட்டம் பெற்றவர் ‘டாக்டர் டாக்டர்’ என்று எழுதிக்கொள்வதும் அங்கே வழக்கம்தான்.

செக் குடியரசில் பெயரின் இரண்டு பக்கமும் பட்டம் வரும்: பொறியியல் பட்டம் முன்னால், பிஎச்.டி. பின்னால். இத்தாலியில் பல்கலைக்கழகப் பட்டதாரியையே ‘தோத்தோரே’ என்று அழைப்பார்கள். அதை அப்படியே முனைவர் என்று மொழிபெயர்த்தால் ஊரெல்லாம் முனைவர்களாகிவிடுவார்கள்.

விமானச் சீட்டு, வங்கிப் படிவம் போன்றவற்றில்?

வேண்டாம். பெயர்க் கட்டத்தில் பெயர் மட்டும். சீட்டில் உள்ள பெயர் கடவுச்சீட்டில் உள்ளதோடு ஒத்துப்போக வேண்டும், பிஎச்.டி. என்ற எழுத்துகள் அங்கே குடும்பப் பெயராகிவிடும்.

ஆய்வுக் கட்டுரையில்?

பெரும்பாலான அறிவியல் இதழ்கள் ஆசிரியர் பெயரோடு பட்டம் போடுவதில்லை. மருத்துவ இதழ்கள் பல போடுகின்றன. இதழின் வழிகாட்டியைப் பாருங்கள். மேற்கோள் பட்டியலில் எங்குமே பட்டம் வராது. நோபல் பரிசு பெற்றவராக இருந்தாலும் பெயர் மட்டும்தான்.

தொழில்சங்க உறுப்பினர் தகுதியை எவ்வளவு காலம் எழுதலாம்?

சந்தா கட்டும்வரை, சான்றிதழ் என்றால் அது காலாவதியாகும்வரை. ‘முன்னாள்’ என்று அடைப்புக்குறிக்குள் போட்டு நீட்டிக்க வேண்டாம். இணையவழி இரண்டு வாரப் பயிற்சிக்கெல்லாம் எழுத்துகள் கிடையாது.

படிப்பையே நிறுத்திவிட்டார்கள், பட்டம் செல்லுமா?

செல்லும். இந்தியாவில் பல்கலைக்கழக மானியக் குழு 2022ஆம் ஆண்டு விதிமுறைகளில் எம்.ஃபில். படிப்பை நிறுத்தியது, அதற்கு முன் முறைப்படி பெற்ற எம்.ஃபில். பட்டத்துக்கு அதனால் பாதிப்பில்லை. தாராளமாக எழுதலாம்.

பட்டம் திரும்பப் பெறப்பட்டால்?

அன்றைக்கே எல்லா இடத்திலிருந்தும் எடுத்துவிட வேண்டும். ஆய்வேட்டில் பிறர் எழுத்தை எடுத்தாண்டதற்காகப் பதவியையே இழந்தவர்கள் உண்டு. ஜெர்மனியின் பாதுகாப்பு அமைச்சர் கார்ல் தியோடர் சூ குட்டன்பெர்க்கின் டாக்டர் பட்டத்தை பைராய்ட் பல்கலைக்கழகம் 2011இல் ரத்து செய்தது. ஒரு வாரத்துக்குள் பதவி விலகினார். 2012இல் ஹங்கேரியின் குடியரசுத் தலைவர் பால் ஷ்மிட்டும், 2013இல் ஜெர்மனியின் கல்வி அமைச்சர் அனெட் ஷாவானும் அதே வழியில் போனார்கள். பழைய பிரதிகளை மறுபதிப்புச் செய்யும்போது அட்டையில் உள்ள பட்டத்தை ஒருமுறை சரிபார்த்துக்கொள்வது பதிப்பாளருக்கு நல்லது.

ஒருவருடைய பட்டம் தெரியாது, கடிதம் எழுத வேண்டும். என்ன போடுவது?

அவருடைய அண்மைக் கட்டுரை, நிறுவனப் பக்கம், முகவரி அட்டை ஏதாவது ஒன்றில் அவர் தன் பெயரை எப்படி எழுதியிருக்கிறாரோ அப்படியே எழுதுங்கள். எதுவும் கிடைக்காவிட்டால் அலுவலகத்துக்கு ஒரு தொலைபேசி அழைப்பு. அதற்கும் நேரமில்லை என்றால் பெயரும் ‘அவர்கள்’ என்பதும் போதும். இல்லாத பட்டத்தைச் சூட்டி அனுப்பினால் பெற்றவர்தான் அதை மறுத்து எழுத வேண்டிவரும்.